பொம்மையை ஒழுக்கமாக வளர்த்த மூன்று பேர்

மூக்கையாபுரத்தில் புத்தியுள்ளவர்களே கிடையாதா என்று கேட்காதீர்கள். இருந்தார்கள், பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்த்த கதை இது. எந்தப் பிள்ளையை என்பது போகப் போகத் தெரியும்.

மூன்று பேரும் அண்ணன் தம்பிகள். மூத்தவன் சௌந்திரபாண்டி, அடுத்தவன் சுருளி, கடைசி தவசி. தொழில் பந்தல் போடுவது. மார்கழி பிறந்தால் கல்யாணம் கிடையாது, பந்தலும் கிடையாது. கம்பு, துணி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வீட்டுக்குள் மூலைக்கு மூலை அடுக்கி வைக்கப்படும். அண்ணன் தம்பிகளும் அதேபோல டிவிக்கு முன்னால் வந்து விழுந்துவிடுவார்கள். தை பிறக்கும்வரை இரண்டு சரக்கும் அசையாது.

மூவரில் கல்யாணமானவன் சௌந்திரபாண்டி மட்டும்தான். மற்ற இருவருக்கும் பெண் கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. ஊருக்கு அந்த அளவு புத்தி மிஞ்சியிருந்தது. சௌந்திரபாண்டியின் மனைவி காளீஸ்வரிக்குப் பால் சங்கத்தில் வேலை. ஒரே மகள் கனிஷ்காவுக்கு மூன்று வயது. அப்பனுக்கு அவள்மேல் உயிர். அவன் முட்டாள்தான், ஆனால் பாசத்தில் குறை வைக்காத முட்டாள். அதையும் சொல்லிவிடவேண்டும்.

அந்த மார்கழியில் காளீஸ்வரியைப் பால் சங்கம் ஒரு வாரப் பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று அவள் சொன்னாள்.

"பசிச்சா சோறு குடுங்க. தூக்கம் வந்தா தட்டிக் குடுங்க. அழுதா தூக்குங்க. அவ்வளவுதான். வேற எதையும் நீங்களா யோசிக்காதீங்க."

"சரி காளீஸ்" என்றான் சௌந்திரபாண்டி.

"நான் திரும்பி வர்றப்ப பிள்ளை இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும். இல்லன்னா சாத்தூருக்கு எங்கண்ணன் வீட்டோட கூட்டிட்டுப் போயிருவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

பஸ் போய்விட்டது. சௌந்திரபாண்டிக்குப் பயம் வந்துவிட்டது. சாத்தூரில் இருக்கிற மச்சினன் பேசிப் புரியவைக்கிற ஆள் இல்லை. பிள்ளை அங்கே போனால் போனதுதான்.

"மதினி என்ன சொன்னாக? இப்ப இருக்கிற மாதிரியேன்னாக" என்றான் சுருளி. மூவரும் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார்கள். கனிஷ்கா பச்சைக் கவுன் போட்டிருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் பாதி முறுக்கு. அம்மா போன திசையில் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

"முறுக்கத் தின்னுட்டா மாதிரி மாறிரும்லண்ணே" என்றான் தவசி.

அதில் நியாயம் இருந்தது. மூக்கையாபுரத்து நியாயம். சுருளி முறுக்கை வாங்கி, எறும்பு ஏறாமல் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தான். மதினி வரும் நாளில் மறுபடி கையில் கொடுத்துவிடலாம். கவுனை மாற்றக் கூடாது, தலை சீவக் கூடாது, இன்னொரு செருப்பைத் தேடக் கூடாது என்று அங்கேயே முடிவானது.

முறுக்கு போனதும் பிள்ளை வீறிட்டு அழுதது.

"மதினி போறப்ப இது அழுகலையே" என்றான் தவசி. "இப்பவே மாறிருச்சுண்ணே."

அழுதால் தூக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள் காளீஸ்வரி. ஆனால் பெற்ற தாய் சொல்வதில் என்ன இருக்கிறது, அவள் டிவியில் வருகிறவளா? நிபுணர் ஒருவரைக் கேட்பதே முறை என்று மூவரும் டிவியைப் போட்டார்கள்.

அந்த நேரத்தில் குழந்தை வளர்ப்பு நிபுணர் டாக்டர் லலிதாங்கி பேசிக்கொண்டிருந்தார். கசங்காத பட்டுப்புடவை, கலையாத தலைமுடி, கறையில்லாத வெள்ளை சோபா. பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் அப்படி ஒரு சோபாவை நீங்கள் பார்த்திருக்க முடியாது. மடியில் ஒரு பெரிய பொம்மை. தினமும் மத்தியானம் வந்து, பொம்மையை வைத்துப் பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொடுப்பார். நாட்டில் பாதிப் பேர் சொந்தப் பிள்ளையைக் கத்தவிட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். நம் ஆட்கள் மட்டும் விதிவிலக்கா என்ன.

"இந்தப் பொம்மையிடம் நான் செய்து காட்டுவதை, எதையும் மாற்றாமல், அப்படியே உங்கள் வீட்டில் செய்யுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் குழந்தை மாறிவிடும்" என்றார் டாக்டர்.

வீட்டில் பெரிய குழப்பம் வந்தது.

"மதினி மாறக் கூடாதுன்னாக. டாக்டரம்மா மாறிரும்ங்கிறாக. யாரு சொல்றத கேக்கிறது?" என்றான் சுருளி.

சௌந்திரபாண்டி கண்ணை மூடி யோசித்தான். அவன் யோசிக்கும்போது தம்பிகள் பேசமாட்டார்கள். ரொம்ப அரிதாக நடக்கிற காரியம்.

"டாக்டரம்மா எத வச்சுச் செய்றாக?"

"பொம்மைய வச்சு."

"எதையும் மாத்தாம செய்யச் சொல்றாக. அப்ப நம்மளும் பொம்மைய வச்சுத்தான செய்யணும்? பிள்ளைய வச்சுச் செஞ்சா அது டாக்டரம்மா சொன்ன முறையே இல்ல."

"ஆமாண்ணே" என்றான் தவசி. "பொம்மையில செஞ்சா பாப்பாவும் மாறாது. மதினி சொன்னதும் ஆச்சு, டாக்டரம்மா சொன்னதும் ஆச்சு."

இவ்வளவு பெரிய சிக்கல் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததில் மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

கனிஷ்காவிடம் ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. திருவிழாக் கடையில் அப்பன் வாங்கிக் கொடுத்தது. பேர் மினுக்கி. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். இரண்டு கண்ணும் அப்படித்தான் செய்யவேண்டும், ஆனால் மினுக்கிக்கு ஒரு கண்தான் வேலை செய்தது. மூடாத கண் எப்போதும் திறந்தே இருக்கும். கனிஷ்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

பாடம் தொடங்கவேண்டும் என்று அவள் கையிலிருந்து மினுக்கியைப் பிடுங்கினார்கள். நின்றிருந்த அழுகை மறுபடி தொடங்கியது.

முதல் பாடமே அழுகையைப் பற்றித்தான். "குழந்தை அழுதால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். அமைதியாகக் காத்திருங்கள்" என்றார் டாக்டர். மூவரும் மினுக்கியைப் பாயில் உட்கார வைத்து, அது அழட்டும் என்று காத்திருந்தார்கள். மினுக்கி அழவில்லை. பக்கத்தில் கனிஷ்கா தரையில் உருண்டு, பொம்மையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பாப்பா, சத்தம் போடாத. மினுக்கி அழுகிறது கேக்காமப் போயிரும்" என்று அதட்டினான் சுருளி.

அடுத்து சோறு ஊட்டும் பாடம். பருப்புச் சோற்றில் நெய் விட்டுக் குழைத்து எடுத்து வந்தார்கள். டாக்டர் கரண்டியைப் பொம்மையின் வாய்க்குக் கொண்டுபோனார். சௌந்திரபாண்டியும் கொண்டுபோனான். "ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு தொடர்வோம்" என்றார் டாக்டர். சோப்பு விளம்பரம் வந்தது.

சௌந்திரபாண்டி கரண்டியை அந்தரத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். சோப்புக்குப் பிறகு பிஸ்கட், பிஸ்கட்டுக்குப் பிறகு பெயின்ட். கையை இறக்கவில்லை. கனிஷ்கா வந்து கரண்டிக்குக் கீழே நின்று வாயைத் திறந்தாள்.

"இரும்மா தங்கம், இடைவேளை முடியட்டும்" என்றான் அப்பன். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பிள்ளை கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு செல்லத்தாயி இட்லிக் கடைக்குப் போய் உட்கார்ந்தது. மூன்று வயதில் அந்தக் குடும்பத்தில் சரியாக யோசித்த முதல் ஆள். செல்லத்தாயி ஒன்றும் கேட்காமல் இலையில் இட்லியைப் பிய்த்துப் போட்டாள். அன்றிலிருந்து அந்த வாரம் முழுக்கப் பிள்ளைக்குச் சாப்பாடு அங்கேதான், தூக்கமும் மாவுச் சட்டிக்குப் பக்கத்தில்தான்.

இடைவேளை முடிந்தது. "சாப்பிட மறுத்தால் கட்டாயப்படுத்தாமல் தட்டை எடுத்துவிடுங்கள்" என்றார் டாக்டர். மினுக்கி மறுத்தது. தட்டை எடுத்தார்கள். எடுத்த தட்டைச் சுருளி காலி செய்தான். அந்த வாரம் பிள்ளை வளர்ப்பில் ஆள் ஒரு சுற்றுப் பெருத்தது சுருளிதான்.

தூங்கவைக்கும் பாடத்தில் சங்கடம் வந்தது. மினுக்கியைப் படுக்க வைத்தார்கள். ஒரு கண் மூடியது, ஒரு கண் மூடவில்லை.

"தூங்கிருச்சு" என்றான் தவசி.

"இல்ல. முழிச்சிருக்கு" என்றான் சுருளி.

"மூடுன கண்ணப் பாருண்ணே."

"நீ தெறந்த கண்ணப் பாரு."

சௌந்திரபாண்டி இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "பாதி தூங்கியிருக்கு. மிச்சப் பாதியையும் தூங்க வைக்கணும்." அதற்குப் பிறகு நிமிர்த்துவதும் சாய்ப்பதுமாக நாள் முழுக்கப் பழக்கினார்கள். பழக்கிய பழக்கத்தில், மூடுகிற கண்ணும் கெட்டது. நிமிர்த்தினாலும் திறக்காமல் மூடியே கிடந்தது. முன்னேற்றம் தெரிகிறது என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள்.

"குழந்தையின் கண்ணுக்கு நேராக உங்கள் கண் இருக்கும்படி தணிந்து பேசுங்கள்" என்றார் டாக்டர் ஒருநாள். மினுக்கி தரையில் கிடந்தது. மூவரும் கன்னம் தரையில் பதியக் குப்புறப் படுத்து, அதனிடம் நல்ல விதமாகப் பேசினார்கள். தை மாதக் கல்யாணத்துக்குப் பந்தல் சொல்ல வந்த ஒருவர் வாசலில் நின்று இதைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்த வழியே போய்விட்டார்.

இன்னொரு நாள் டாக்டர் விரலை நீட்டி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார். "குழந்தை பிடிவாதம் பிடிக்கும்போது நீங்கள் எந்தக் காரணம் கொண்டும் ஒருபோதும்..."

கரண்ட் போய்விட்டது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒருபோதும் என்னண்ணே?"

"அதான் தெரியலையே."

"எதையோ செய்யக் கூடாதாம். எதன்னு தெரியாம எதையாவது செஞ்சு வச்சுட்டா?"

"அப்ப எதையுமே செய்யாம இருக்கிறதுதான் பத்திரம்" என்றான் சௌந்திரபாண்டி.

எதையுமே செய்யாமல் உட்கார்ந்தார்கள். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தது, தவசி ஓட்டவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, யாரும் எழவில்லை. மினுக்கி இல்லாமல் தூக்கம் வராத கனிஷ்கா அப்போது வந்து அப்பன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மினுக்கி குடு" என்றாள். அப்பன் கண் கலங்கியது, கை அசையவில்லை. பிள்ளை கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு இட்லிக் கடைக்கே திரும்பிப் போனது. கரண்ட் வந்தபோது டாக்டர் போயிருந்தார், சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒருபோதும் செய்யக் கூடாதது என்ன என்று கடைசிவரை அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கடைசிப் பாடம் தண்டனை. "தப்பு செய்தால் அந்த நொடியே மூலையில் உட்கார வையுங்கள். வயதுக்கு ஒரு நிமிடம். நேரம் முடிந்ததும், தப்பு செய்யாத இன்னொருவர் அந்த வீட்டிலிருந்தே வந்து, போதும் எழுந்திரு என்று சொல்லவேண்டும். தானாக எழுந்தால் முதலிலிருந்து உட்கார வேண்டும்" என்றார் டாக்டர்.

வீட்டின் நான்கு மூலையில் ஒன்றில் டிவி, மற்ற மூன்றிலும் பந்தல் சாமான். மூன்றையும் காலி செய்து சாமானைத் தெருவில் போட்டார்கள். ஆனால் மினுக்கி தப்பே செய்யவில்லை. கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்துப் பார்த்தார்கள், அது தட்டிவிடவில்லை. சுவரோரம் கரித்துண்டை வைத்துப் பார்த்தார்கள், கிறுக்கவில்லை.

"நம்ம வளர்ப்பு அப்படி" என்றான் சௌந்திரபாண்டி.

கடைசியில் தவசிதான் சொம்பில் கால் இடறித் தண்ணீரைக் கொட்டினான். அந்த நொடியே மூலையில் உட்கார வைத்தார்கள். வயதுக்கு ஒரு நிமிடம் என்றதும் சிக்கல் வந்தது.

"எந்த வயசு? சர்டிபிகேட் வயசா, நெச வயசா?" என்றான் தவசி மூலையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் அவனைத் தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார். கை நீளமானதால் பள்ளி வயது வரும் முன்பே தொட்டுவிட்டான். அவராக ஒரு பிறந்த தேதி போட்டுவிட்டார்.

"எது சரின்னு தெரியாததால ரெண்டையும் கூட்டிக்கிருவோம்" என்றான் சுருளி. சுருளி வந்து எழுந்திரு என்று சொல்வதற்குள் தவசிக்கு இரண்டு காலும் மரத்துவிட்டன. நொண்டி நொண்டி வந்து, "நல்ல முறைண்ணே" என்றான்.

வாரம் முடிந்தது. காளீஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கினாள். தெருவில் நாற்காலியும் கம்பும் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாள். இட்லிக் கடையிலிருந்து அதே பச்சைக் கவுன், முழங்கைவரை சாம்பார், ஒரு காலில் செருப்போடு ஒன்று ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. செல்லத்தாயி ஒரு வார நடப்பைச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இதில் கூட்டிச் சொல்ல என்ன இருக்கிறது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காளீஸ்வரி வீட்டுக்குள் வந்தாள். மூவரும் பொம்மையைச் சுற்றிக் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"சத்தம் போடாத காளீஸ்" என்றான் சௌந்திரபாண்டி. "இப்பத்தான் பாதி தூங்கியிருக்கு."

"எது?"

"மினுக்கி. ஒரு வாரத்துல எப்படி ஆயிருச்சு பாரு. அடம் கிடையாது, அழுகை கிடையாது, வச்ச எடத்துல இருக்கும்."

"என் பிள்ளை ஒரு வாரமா எங்க சாப்பிட்டுச்சு, எங்க தூங்குச்சு?"

மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். தவசி ஓடிப்போய் டப்பாவைத் திறந்து பாதி முறுக்கை எடுத்து நீட்டினான்.

"பாப்பா அப்படியேதான் இருக்கு மதினி. கவுனு, செருப்பு, எதையும் மாத்தல. இந்த முறுக்கையும் கையில குடுத்துட்டா நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே ஆயிரும்."

 காளீஸ்வரி இறக்கி வைத்த பையை எடுத்து மறுபடி தோளில் மாட்டினாள்.

"அதுக்கே அப்பனா இருங்க" என்று பொம்மையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். சாத்தூர் போகிற பஸ் வருகிற நேரம்.

அப்போதுதான் சௌந்திரபாண்டிக்கு உறைத்தது. பிள்ளை போகிறது. திருவிழாவில் தோளில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. இனி அது மச்சினன் வீட்டில் வளரும்.

"தப்புப் பண்ணிட்டோம்டா" என்று அலறினான்.

சொல்லியிருக்கக் கூடாது. வாசலுக்கு ஓடப்போனவனைத் தம்பிகள் இருவரும் இடுப்போடு பிடித்துக்கொண்டார்கள்.

"தப்புப் பண்ணுனா அந்த நொடியே மூலைண்ணே. டாக்டரம்மா சொல்லியிருக்காக" என்றான் சுருளி.

"பஸ் வந்துரும்டா."

"வந்தா வரட்டும். இப்பவும் முறைய மீறுனா பிள்ளை எப்படி உருப்படும்?"

சௌந்திரபாண்டிக்கும் அது நியாயமாகவே பட்டது. அழுதுகொண்டே ஒரு மூலையில் உட்கார்ந்தான். தப்பில் பங்கு இருந்ததால் சுருளி ஒரு மூலையிலும் தவசி ஒரு மூலையிலும் உட்கார்ந்தார்கள். எழுந்திரு என்று சொல்ல ஆள் வேண்டுமே என்று, உட்காரும் முன்பே தவசி மினுக்கியை நடுவீட்டில் ஒரு நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தான். அண்ணன் அழுகிற சத்தம் பெரிதானது. அழுதால் ஓடிப்போய்த் தேற்றக் கூடாது என்பதால் தம்பிகள் அமைதியாகக் காத்திருந்தார்கள்.

பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கூடவே பிள்ளையின் குரல். "மினுக்கி, மினுக்கி" என்று தெருவே கேட்க அழுதது. செல்லத்தாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏப்பா சௌந்திரபாண்டி, அந்தப் பொம்மைய எடுத்துக்கிட்டு ஓடியா. பஸ்ஸ நிப்பாட்டி வச்சிருக்கா. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா எறங்கிருவா போல இருக்கு. எந்திரிப்பா."

சௌந்திரபாண்டி எழப்போனான்.

"இருண்ணே" என்றான் சுருளி. "அக்கா, நீங்க இந்த வீட்டு ஆளா?"

"எதிர்வீடுன்னு தெரியாதா ஒனக்கு?"

"அப்ப நீங்க சொல்லி எந்திரிக்க முடியாதே. இந்த வீட்டு ஆளு சொல்லணும்."

"சரி, பொம்மையவாவது குடு. நான் கொண்டுபோய்ப் பிள்ளைகிட்டக் குடுக்கிறேன்."

"நல்லாருக்கே" என்றான் தவசி. "இந்த வீட்டுல தப்புப் பண்ணாதது அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டா எங்கள யாரு எழுப்புறது?"

செல்லத்தாயி மூன்று மூலையையும் ஒருமுறை பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. பிள்ளையின் குரல் கடைத்தெருத் திருப்பம்வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை.

 சௌந்திரபாண்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொம்மையைப் பார்த்தான்.

"மினுக்கி, நேரம் ஆயிருச்சாம்மா?"

மினுக்கி ஒன்றும் சொல்லவில்லை. பழக்கிக் கெட்ட கண் மூடியிருக்க, மற்றக் கண்ணால் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு கண்ணு மூடியிருக்குண்ணே" என்றான் தவசி. "பாதி நேரம் ஆயிருச்சுன்னு சொல்லுது."

மற்ற கண்ணும் மூடட்டும் என்று மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தை பிறந்துவிட்டது. மூக்கையாபுரத்துக் கல்யாணங்களுக்கு இப்போது அடுத்த ஊரிலிருந்துதான் பந்தல் வருகிறது. நாற்காலிகளை மட்டும் இவர்கள் வீட்டு வாசலிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பிக் கொண்டுவந்து போடும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "மூடிருச்சா?" என்று கேட்பார்கள்.

"இன்னும் பாதி பாக்கி" என்று மூன்று மூலையிலிருந்தும் பதில் வரும்.